பதினெட்டாவது ஆள்

நான் பிறந்து வளர்ந்தது பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். விடியுமுன் பெரட்டு தொடங்கிவிடும். மண்டோர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயர் விழுந்தவர் தம் வாளியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு தம் நிரைக்குக் கிளம்பிவிடுவார். என் அம்மா மட்டும் கடைசி வரைக்கும் நின்றுகொண்டே இருப்பார். அவருக்கென்று சொந்தமாக மரங்கள் இல்லை. அன்றைக்கு யார் வேலைக்கு வரவில்லையோ, அவருடைய மரங்களை வெட்டுவதுதான் அம்மாவின் வேலை.

சிறுவனாக இருந்தபோது அது எனக்கு அவமானமாகப் பட்டது. எல்லாருக்கும் கொடுத்தது போக மிச்சம் இருப்பதை அம்மாவுக்குப் போடுகிறார்கள் என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டும் விட்டேன். அம்மா சிரித்தார். “யாரு மரமா இருந்தாலும் காயம் படாம வெட்டத் தெரிஞ்சவளத்தான்டா மண்டோரு இதுக்கு வச்சிருக்காரு” என்றார்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதன் பொருள் தெரியும். கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. தினமும் அதே மரங்களை வெட்டுகிறவருக்கு ஒவ்வொரு மரத்தின் பட்டையும் பழக்கம். இன்றைக்குப் புதிதாகப் போய் நிற்பவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கைத்திறமை ஒன்றுதான் துணை.

அம்மா சொன்னது எனக்கு விளங்க முப்பது ஆண்டுகள் ஆயின. ஈப்போவில் ஒரு ஹாக்கித் திடலின் ஓரத்தில், கையில் பதினெட்டுப் பெயர்கள் கொண்ட ஒரு தாளுடன் உட்கார்ந்திருந்தபோதுதான் விளங்கியது. அந்தத் தாளை நிரப்புவது எப்படி என்பதைப் பற்றியதே இக்கட்டுரை.

பெஞ்சு என்றால் என்ன?

பட்டப்படிப்பு முடிந்து ஈப்போவுக்குத் திரும்பியதிலிருந்து ஓர் உள்ளூர் ஹாக்கிக் குழுவுக்கு நிர்வாகியாக இருந்து வருகிறேன். எங்கள் பையன்களில் பெரும்பாலோர் புந்தோங், செம்மோர், சுங்கை சிப்புட், பத்து காஜா பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய தாத்தா பாட்டிகள் வாழ்ந்த லயங்கள் இருந்த இடத்தில் இன்று செம்பனையோ வீடமைப்புத் திட்டமோ இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் லீக் ஆட்டங்கள் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு பயிற்றுநரும் நானும் உட்கார்ந்து பதினெட்டுப் பேரைத் தேர்ந்தெடுப்போம்.

ஹாக்கியில் திடலில் நிற்பவர்கள் பதினொருவர். உலகக் கிண்ணம் போன்ற அனைத்துலகப் போட்டிகளில் ஒரு குழுவில் 18 பேர் இடம்பெறலாம். ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டத்துக்கு 16 பேர்தான். 18 பேர் என்றால் ஏழு பேர் பெஞ்சில் இருப்பார்கள். 1990-களிலிருந்து ஹாக்கியில் ஆள் மாற்றத்துக்குக் கணக்கில்லை. நடுக்கோட்டுக்கு அருகே, பக்கக் கோட்டின் ஓரமாக ஒருவர் வெளியேறியதும் இன்னொருவர் உள்ளே ஓடலாம், நடுவரின் அனுமதி வேண்டியதில்லை, கடிகாரமும் நிற்காது. வெளியே வந்தவர் இரண்டு நிமிடம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் போகலாம்.

முன்பு 35 நிமிடம் கொண்ட இரண்டு பாதிகளாக இருந்த ஆட்டம், இப்போது 15 நிமிடம் கொண்ட நான்கு கால் பகுதிகளாகிவிட்டது. ஆட்டத்தின் வேகமும் கூடிவிட்டது. ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா அரங்கில் அஸ்லான் ஷா கிண்ண ஆட்டங்களைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பெரிய நாடுகளின் முன்னணி ஆட்டக்காரர்கள் ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து திடலில் இருப்பதில்லை. அவர்களுக்குப் பெஞ்சு என்பது காத்திருக்கும் இடம் மட்டுமன்று. ஆட்டத்தின் ஒரு பகுதி.

நம்மை வீழ்த்திய மாற்று ஆட்டக்காரர்

பெஞ்சின் மதிப்பை மலேசியர்களாகிய நாம் மறக்க முடியாத வகையில் ஒருமுறை கற்றிருக்கிறோம்.

1975-ஆம் ஆண்டு மார்ச் மாதம். உலகக் கிண்ண ஹாக்கி கோலாலம்பூரில் நடந்தது. என். ஸ்ரீ சண்முகநாதன் தலைமையிலான மலேசியக் குழு நெதர்லாந்தை 2-1 என வென்று, அரையிறுதியில் இந்தியாவைச் சந்தித்தது. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் போல இருந்தபோது மலேசியா 2-1 என முன்னணியில் இருந்தது. உலகக் கிண்ண இறுதியாட்டம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது.

அந்த நேரத்தில் இந்தியக் குழு, தற்காப்பு ஆட்டக்காரர் மைக்கேல் கிண்டோவுக்குப் பதிலாக அஸ்லாம் ஷேர் கானைக் களத்தில் இறக்கியிருந்தது. அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த இளைஞர் அவர். பெனால்டி கார்னரில் அவர் அடித்த பந்து வலைக்குள் போனது. ஆட்டம் 2-2. கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் இன்னொரு கோல் போட, இந்தியா இறுதியாட்டத்துக்குச் சென்று பாகிஸ்தானையும் வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது. நமக்கு நான்காம் இடம்.

எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் முடிவில் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். நம் குழுவில் யார் செய்த தவறு என்று வாதிடுவார்கள். எனக்கு வேறொரு கேள்விதான் எழும். இந்தியா அந்த இளைஞரை எதற்காகப் பெஞ்சில் வைத்திருந்தது? பெனால்டி கார்னர் அடிக்கும் கை அவருடையது. அந்தக் கை என்றைக்காவது தேவைப்படும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்த யாரோ ஒருவர் அந்தக் குழுவில் இருந்திருக்கிறார்.

பேஸ்பால் சொல்லும் பாடம்

மாற்று ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் அமெரிக்கப் பேஸ்பால்காரர்கள். அங்கே பந்து வீசுபவர் ஆட்டம் முழுவதும் தாக்குப்பிடிப்பது அரிது. ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தாறு முடியும்போது கை தளர்ந்துவிடும். அவருக்குப் பதிலாக வீச வருபவர்கள் திடலின் ஓரத்தில் ‘புல்பென்’ என்னும் ஓர் இடத்தில் கையைச் சூடேற்றிக்கொண்டு காத்திருப்பார்கள். ஹாக்கியைப்போல் அன்றி, ஒருமுறை வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் திரும்பி வர முடியாது. ஆகவே யாரை எப்போது இறக்குவது என்பது மிகக் கவனமாக எடுக்க வேண்டிய முடிவு.

பருவம் தொடங்குமுன் ஒரு நல்ல குழு, எஞ்சிய வீச்சாளர்களை அள்ளி அந்த இடத்தில் போட்டுவிடாது. தொடக்க வீச்சாளர் சீக்கிரமே சரிந்துவிட்டால் நீண்ட நேரம் வீச ஒருவர். முன்னணியைக் கடைசி வரை கொண்டு சேர்க்க ஒருவர். கடைசி இன்னிங்ஸை முடித்துவைக்க ஒருவர் என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வேலை உண்டு. முடித்துவைப்பவரின் வெற்றியைக் கணக்கிட 1969 முதல் அதிகாரபூர்வமான புள்ளிவிவரமே இருக்கிறது.

அந்த வேலையில் உலகப் புகழ் பெற்றவர் பானாமா நாட்டைச் சேர்ந்த மாரியானோ ரிவேரா. 1995-இல் நியூயார்க் யாங்கீஸ் குழுவில் தொடக்க வீச்சாளராகச் சில ஆட்டங்கள் ஆடினார், சோபிக்கவில்லை. பின்வரிசைக்கு மாற்றப்பட்ட பிறகு, 652 ஆட்டங்களை வெற்றியாக முடித்துக் கொடுத்தார். 2019-இல் புகழ் மன்றத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்தபோது வாக்களித்தவர்களில் ஒருவர்கூட அவரை விட்டுவிடவில்லை. அப்படி ஒருமனதாகத் தேர்வு பெற்ற முதல் ஆட்டக்காரர் அவர்தான். முதல் இடத்தில் ஜொலிக்காதவர் வேறோர் இடத்தில் யாராலும் ஈடு செய்ய முடியாதவராக இருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நான் செய்த பிழை

இவ்வளவு பேசுகிற நானே ஒருமுறை பெரும் பிழை செய்தேன். சில ஆண்டுகளுக்கு முன் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பையன் வந்தான். கார்ப் பட்டறையில் வேலை. வாரத்தில் மூன்று நாள், வேலை முடிந்ததும் மோட்டாரில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வருவான். ஓட்டம் சுமார்தான். ஆனால் பெனால்டி கார்னரில் பந்தை மட்டையோடு இழுத்துத் தூக்கி எறிகிற ‘டிராக் ஃபிளிக்’ அவனுக்கு இயல்பாகவே வந்தது. பதினேழு பேரை எழுதி முடித்த பிறகு, பதினெட்டாவதாக அவன் பெயரை எழுதினேன். எதற்காக எழுதினேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை. எனக்கே தெளிவாகத் தெரிந்திருந்ததா என்பதும் ஐயமே.

ஐந்து ஆட்டங்கள் போயின. எல்லாவற்றையும் சேர்த்து அவன் திடலில் நின்றது பத்து நிமிடம்கூட இருக்காது. ஆறாவது ஆட்டத்துக்கு அவன் வரவில்லை. வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவன் அம்மா எடுத்தார். “சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான் தம்பி. நான் போனாலும் போகாட்டியும் அங்க ஒண்ணுதாம்மான்னு சொன்னான்” என்றார்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் எங்களுக்கு ஆறு பெனால்டி கார்னர்கள் கிடைத்தன. ஒன்றுகூடக் கோலாகவில்லை. தோற்றது பெரிதில்லை, தோல்வி வரும், போகும். அந்தத் தாய் சொன்ன சொல்தான் இன்னும் காதில் இருக்கிறது. ‘மிச்சம்’ என்று ஒரு பையனை நான் வாயால் சொல்லவில்லை. ஆனால் பதினெட்டாவதாக எழுதி, ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார வைத்ததன் மூலம் அதையேதான் சொல்லியிருக்கிறேன்.

இப்போது நாங்கள் தேர்ந்தெடுக்கும் முறை

அதன்பின் முறையை மாற்றினோம். அதன் சாரத்தைக் கீழே தருகிறேன்.

முதலாவது, ஆளுக்கு முன் வேலையை எழுதுகிறோம். ஏழு இடத்துக்கும் ஏழு வேலை. இரண்டாவது கோல் காவலர் ஒருவர். பெனால்டி கார்னர் அடிப்பவர் ஒருவர். முன்னணியை மாற்றி மாற்றி ஓட வைக்க இருவர். நடுத்திடலில் எந்த இடத்திலும் நிற்கக்கூடியவர் ஒருவர். முன்னணியில் இருக்கும்போது கடைசிக் கால் பகுதியைக் காக்கும் நிதானமான தற்காப்பாளர் ஒருவர். நம்மவர் அட்டை வாங்கி வெளியேறும்போது, குறைந்த ஆட்களோடு இரண்டு பேர் தூரத்தை ஓடி அடைக்கக்கூடியவர் ஒருவர். பச்சை அட்டைக்கு இரண்டு நிமிடம், மஞ்சள் அட்டைக்குக் குறைந்தது ஐந்து நிமிடம் ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். ஆட்டங்கள் பெரும்பாலும் அந்த நிமிடங்களில்தான் கைநழுவுகின்றன.

இரண்டாவது, விதியை உணர்ந்து திட்டமிடுகிறோம். பெனால்டி கார்னர் கொடுக்கப்பட்ட பிறகு, அது முடியும் வரை ஆள் மாற்ற முடியாது. தற்காக்கும் அணியின் கோல் காவலர் காயமடைந்தாலோ அட்டை வாங்கி வெளியேற்றப்பட்டாலோ மட்டுமே விலக்கு. ஆகவே கார்னர் கிடைத்ததும் நிபுணரைக் கூப்பிடலாம் என்று இருந்தால் ஏமாந்து போவோம். எதிரணியின் வட்டத்தை நாம் நெருக்குகிற நேரத்திலேயே அவர் உள்ளே இருக்க வேண்டும். அதற்கு அவருக்கு ஓரளவு ஓட்டமும் வேண்டும். சுங்கை சிப்புட் பையனுக்கு நான் தந்திருக்க வேண்டியது அந்த ஓட்டப் பயிற்சிதான்.

மூன்றாவது, ஆறிய உடம்போடு சோதிக்கிறோம். வழக்கமான தேர்வில் எல்லாரும் ஓடி வியர்த்து நிற்கும்போது பார்க்கிறோம். ஆனால் மாற்று ஆட்டக்காரர் இறங்கும்போது மற்ற இருபத்தொருவரும் ஆட்ட வேகத்தில் இருப்பார்கள். அவர் ஒருவர்தான் உட்கார்ந்து எழுந்து வருகிறார். ஆகவே பயிற்சி ஆட்டத்தில் ஒருவரை இருபது நிமிடம் உட்கார வைத்துவிட்டு, திடீரென்று இறக்குவோம். மூன்றை மட்டும் குறித்துக்கொள்வோம். முதல் பந்தை எப்படி வாங்குகிறார்? முதல் தவறுக்குப் பிறகு என்ன செய்கிறார்? உட்கார்ந்திருந்த இருபது நிமிடமும் அவர் கண் எங்கே இருந்தது? மூன்றாவது கேள்விதான் பலரைக் காட்டிக் கொடுத்துவிடும். “எதிரணியின் இடது புறத்தில் நிற்பவர் எந்தப் பக்கம் திரும்பப் பயப்படுகிறார்?” என்று கேட்டால், பார்த்துக்கொண்டிருந்தவர் உடனே சொல்லிவிடுவார்.

நான்காவது, ஒருநாள் ஆட்டத்தைக் கண்டு மயங்குவதில்லை. பேஸ்பாலில் தொடக்க வீச்சாளர் ஒரு பருவத்தில் 150 இன்னிங்ஸுக்கு மேல் வீசுவதுண்டு. மாற்று வீச்சாளருக்கு 60, 70 கிடைத்தாலே அதிகம். கணக்கு சிறியதாக இருந்தால் அதிர்ஷ்டமும் திறமைபோலத் தெரியும். சென்ற ஆண்டு பிரமாதமாக வீசியவர் இந்த ஆண்டு தடுமாறுவதும், தடுமாறியவர் தேறுவதும் அங்கே சகஜம். ஆகவே ஒரு தேர்வு ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டவர் என்பதற்காக அவரை எடுத்துவிடுவதில்லை. குறைந்தது நான்கு ஆட்டங்களாவது, வெவ்வேறு நிலைமைகளில், பார்க்கிறோம்.

ஐந்தாவது, சொல்லிவிடுகிறோம். இதுவே தலையாயது. 2014 உலகக் கிண்ணக் காற்பந்துக் காலிறுதியில் நெதர்லாந்தின் பயிற்றுநர் லூயி வான் கால், கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் கோல் காவலரை மாற்றினார். பெனால்டி உதைகளுக்காகவே இறங்கிய டிம் குரூல், கோஸ்டா ரிகாவின் இரண்டு உதைகளைத் தடுத்தார்; நெதர்லாந்து வென்றது. உலகம் அதைச் சூதாட்டம் என்றது. ஆனால் அப்படி ஒரு வாய்ப்பு வரலாம் என்பது குரூலுக்கு ஆட்டத்துக்கு முன்பே தெரியும், அதற்கெனத் தயாராகியிருந்தார். அரையிறுதியில் அர்ஜென்டினாவுடன் மறுபடியும் பெனால்டி வந்தபோது, மூன்று மாற்றங்களும் தீர்ந்துபோயிருந்தன. குரூல் பெஞ்சிலேயே இருந்தார், நெதர்லாந்து தோற்றது. வேலையைச் சொல்லி வைப்பது எவ்வளவு முக்கியமோ, அந்த வேலைக்கு உரிய நேரத்தைக் கையில் வைத்திருப்பதும் அவ்வளவு முக்கியம்.

உறவும் தேர்வும்

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ ஐம்பத்தொன்றாம் அதிகாரம். ‘தெரிந்து வினையாடல்’ ஐம்பத்திரண்டு. முதலில் ஆளை ஆராய்ந்து தெளிவது, பிறகு தகுந்த வேலையைத் தகுந்தவரிடம் விடுவது. அதற்கு அடுத்த அதிகாரம் ‘சுற்றந் தழால்’, அதாவது உறவினரை அணைத்துக்கொள்வது! வள்ளுவர் வரிசைப்படுத்திய முறையை இந்த ஆண்டு நான் நன்றாக அனுபவித்தேன்.

இந்த ஆண்டு கடைசி ஓர் இடத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் பத்து காஜா பையன். மெதுவானவன், தற்காப்பில் நிற்பவன், கோபமே வராதவன். மற்றவன் என் அக்காள் மகன். பந்தோடு ஓடினால் பார்க்க அழகாக இருக்கும். இருவரையும் பக்கத்தில் நிறுத்தினால் யார் சிறந்த ஆட்டக்காரர் என்று கேட்கவே வேண்டாம், என் மருமகன்தான். ஆனால் காலியாக இருந்தது, கடைசிக் கால் பகுதியைக் காக்கும் வேலை. முன்னணிக்கு ஓட இருவர் ஏற்கெனவே இருந்தனர்.

அக்காள் கூப்பிட்டார். “ஊரான் பிள்ளைக்கெல்லாம் இடம் இருக்கு, உன் மருமகனுக்கு ஒரு மூலையில உட்கார இடம் இல்லையாடா?” என்று கேட்டார். மூலையில் உட்கார வைக்கத்தான் எனக்கு மனமில்லை என்பதை அவருக்கு விளக்கத் தெரியவில்லை.

மருமகனை மட்டும் தனியாக அழைத்துப் புந்தோங்கில் ஒரு கடையில் உட்கார வைத்துச் சொன்னேன். அவன் எதில் குறைந்தவன் என்று சொல்லவில்லை. எந்த வேலைக்கு ஆள் தேவைப்பட்டது என்று சொன்னேன். வெகு நேரம் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தான். பிறகு, “அடுத்த வருஷம் எந்த இடம் காலியா இருக்கும் மாமா?” என்று கேட்டான். கார்னர் அடிப்பவர் மேற்படிப்புக்குப் போகக்கூடும் என்றேன். இப்போது மாலையில் தனியாக வந்து டிராக் ஃபிளிக் பழகுகிறான். அக்காள் இன்னும் பேசவில்லை. தீபாவளி முறுக்கு வந்து சேரும் என்ற நம்பிக்கையில் இருக்கிறேன்.

உங்களுக்கும் உண்டு

இது விளையாட்டுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி தங்கையரே, சொற்போர்க் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது மாற்றுப் பேச்சாளர் ஒருவரையும் எடுக்கிறீர்கள். நாடகத்துக்கு, கலை இரவுக்கு, செயலவைக்குத் துணைப் பொறுப்பாளர்களை நியமிக்கிறீர்கள். அவர் எந்த நிலைமைக்காக அங்கே இருக்கிறார் என்று அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? எதிர்த்துப் பேசும் பக்கம் விழுந்தால் அவர்தான் எழுவார் என்றோ, முதல் பேச்சாளருக்குத் தொண்டை கட்டினால் எந்த உரையை அவர் ஏற்பார் என்றோ ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் தயாராகிவிடுவார். சொல்லாவிட்டால் நாற்காலி தூக்கத்தான் நம்மை வைத்திருக்கிறார்கள் என்று எண்ணி, ஒருநாள் வராமல் போய்விடுவார்.

தோட்டத்திலிருந்து வந்த நமக்கு இது இன்னும் கொஞ்சம் ஆழமாகப் பாயும். தோட்டங்கள் கைமாறியபோதும் துண்டாடப்பட்டபோதும், நாம் எதற்கும் தேவைப்படாதவர்கள் என்ற எண்ணம் நம் வீடுகளில் வேண்டிய மட்டும் புகுந்துவிட்டது. அதே எண்ணத்தை நம் பிள்ளைகளுக்கு நாமே மீண்டும் கொடுக்க வேண்டாம்.

லீக் இன்னும் தொடங்கவில்லை. பதினெட்டுப் பெயர்களையும் உடை மாற்றும் அறையின் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு வேலை எழுதியிருக்கிறது. பதினெட்டாவது பெயருக்குப் பக்கத்தில், “கடைசிப் பதினைந்து நிமிடம், நாம் முன்னணியில் இருந்தால்” என்று இருக்கிறது. பத்து காஜா பையன் அதைப் படித்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. மறுநாள் பயிற்சிக்கு எல்லாருக்கும் முன்பே வந்து நின்றான்.